காலைக் காப்பியும் தலைவலியும்
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில், ஓய்வுபெற்ற தோட்ட டிரெசர் ஒருவர் ஆற்றிய உரை)



தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் மருந்து கொடுத்தவன் நான். என் பேச்சும் கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். "ஐயா காப்பிய விடச் சொல்லப் போறாரு" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. விடச் சொல்லவில்லை. நானும் குடிக்கிறவன்தான். மலாயாவில் ரப்பர் பரவுவதற்கு முன்பே காப்பித் தோட்டங்களில் பாடுபட்டவர்கள் நம் ஆட்கள். அந்த உறவு அவ்வளவு சுலபத்தில் அறுமா?

காப்பியில் நம்மைப் பிடித்து வைத்திருக்கும் பொருளுக்குக் காஃபீன் என்று பெயர். ருங்கே என்ற ஜெர்மானியர் 1819ஆம் ஆண்டு அதைப் பிரித்தெடுத்தார். நாம் உழைக்க உழைக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேருகிறது. "போதும், படு" என்று உடம்புக்குச் சொல்வது அதுதான். காஃபீன் என்ன செய்கிறது தெரியுமா? அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு போய்விடவில்லை, அது கூப்பிடுவது நமக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தினமும் குடிக்கும்போது மூளை இதற்குப் பழகிவிடுகிறது. பிறகு ஒரு நாள் காப்பி கிடைக்காவிட்டால், 12 முதல் 24 மணி நேரத்திற்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல், சிலருக்குக் குமட்டல். தைப்பூசத்திற்கு விரதம் இருக்கிறவர்கள் காப்பியை நிறுத்திய மறுநாளே தலையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். "பசி மயக்கம், டிரெசரய்யா" என்பார்கள். சிலர் கண்ணூறு என்றுகூடச் சொல்வார்கள். உண்மையில் அது காப்பி தன் பாக்கியைக் கேட்டது! நானும் அப்போது மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவேன். சில தலைவலி மாத்திரைகளில் காஃபீனே கலந்திருக்கிறது என்பதால் வலி உடனே நிற்கும், எனக்குக் கைராசிக்காரன் என்று பெயர் கிடைக்கும்.

ஆகவே விரதம் இருக்கிறவர்கள் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். பத்து நாளுக்கு முன்பிருந்தே அரைக் குவளை, கால் குவளை என்று குறைத்து வாருங்கள்.

இனி தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது என் தவறு, இத்தனை வருஷம் கழித்தும் மனத்தை அறுக்கிறது. மரம் சீவும் பெண் ஒருவர், ஐந்து மாதக் கர்ப்பம், இரத்தம் குறைவு. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தேன். மாதாமாதம் வந்து வாங்கிப் போனார். எட்டாம் மாதமும் முகம் வெளுத்தே இருந்தது. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி இரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. "மாத்திரைய எதுல போட்டுக் குடிச்சம்மா?" என்று அன்றைக்குத்தான் கேட்டேன். "வரக்காப்பியிலதான், ஐயா." தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் அந்தக் கேள்வியை முதல் மாதமே நான் கேட்டிருக்க வேண்டும்.

காப்பியிலும் தேநீரிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள், சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை இரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கின்றன. 1983இல் வெளியான ஓர் ஆய்வில், உணவோடு குடித்த காப்பி 39 விழுக்காடும் தேநீர் 64 விழுக்காடும் இரும்புச் சத்தைக் குறைத்தன. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி குடித்தாலும் அதே கதைதான். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்தவர்களுக்குக் குறையவில்லை. மாத்திரையைத் தண்ணீரில் விழுங்குங்கள், எலுமிச்சைச் சாறு இருந்தால் இன்னும் நல்லது. கர்ப்பிணிகளுக்கு ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் காஃபீன்தான் எல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் கூறியது. கெட்டியான காப்பி இரண்டு குவளையிலேயே அந்த அளவு வந்துவிடும். தேநீரையும் கோலாவையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்திற்கு வருகிறேன். வரக்காப்பியில் இரண்டு பிஸ்கட்டை நனைத்துக் கொடுத்து, "பசியாறிட்டான்" என்று பள்ளிக்கு அனுப்புகிறோம். அது பசியாறுவது ஆகாது. சீனியும் காஃபீனும் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைக்கும், பத்து மணிக்குப் பிள்ளை மேசையில் சாய்ந்துவிடும். ஆசிரியர் "சோம்பேறி" என்பார். உள்ளே போன காஃபீனில் பாதி கழியவே பெரியவர்களுக்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. சாயங்காலம் காப்பி குடித்த பிள்ளை இரவு எப்படித் தூங்கும்? முந்தின நாள் சோற்றைத் தாளித்துக் கொடுங்கள், ஒரு முட்டை அவித்துக் கொடுங்கள். காப்பியைவிட அதற்கு ஒன்றும் அதிக நேரம் பிடிக்காது.

கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதைப் பெருமையாக நினைக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. 2016இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம், காப்பியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாயில் புற்றுநோய் வரக் காரணமாகக்கூடும் என்றது. கொஞ்சம் ஆற்றிக் குடித்தால் என்ன குறைந்துவிடும்?

பரிசுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை ரொம்ப நேரம் உட்கார வைத்துவிட்டேன். விழா முடிந்ததும் பெற்றோர் சங்கத்தார் வெளியே காப்பி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். எனக்கும் ஒரு குவளை வேண்டும், சீனி குறைவாக. பிள்ளைகளுக்கு மைலோ கலக்கச் சொல்லியிருக்கிறேன்.