மணமகளுக்கு முத்தணி

பொன்னுருக்குக்கு நாள் குறித்தவுடன் மணவீட்டிற் பேச்சு நகையின் பக்கம் திரும்பிவிடுகின்றது. தாலிக்கொடி எத்தனை பவுண், காப்பு எத்தனை சோடி என்னும் கணக்குத் தீர்ந்த பின்னர், "முத்துமாலை ஒன்றும் வேண்டாமா?" என்று ஆச்சி கேட்பார். பெண்ணின் தகப்பனார் தயங்குவார். பொன்னை உரைத்துப் பார்க்கலாம், நிறுத்தும் பார்க்கலாம். முத்தை எவ்வாறு அறிவது? அவர் தயக்கம் நியாயமானதே.

முத்து இந்நாட்டுக்குப் புதியதன்று. மன்னார்க் கடலின் முத்துப்பார்கள் உலகறிந்தவை. அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளிற் குளிப்புக் காலத்திலே தற்காலிக நகரங்களே எழுந்தன. 1905ஆம் ஆண்டிலே எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டு அப்பார்கள் ஒரு வர்த்தகக் கம்பனிக்குக் குத்தகையாக விடப்பட்டன. சிறிது காலத்துள் விளைவு குன்றியது. 1925இல் நடந்ததே பழைய முறையிலான பெருங்குளிப்புக்களில் இறுதியானது. ஆகவே, "மன்னார் முத்து" என்று சொல்லி இன்று எவரேனும் புதுமாலை விற்பாராயின், வாங்குவோர் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

இன்று கடைகளில் உள்ளவற்றுட் பெரும்பாலானவை வளர்ப்பு முத்துக்கள். சிப்பியின் உடலுள் மனிதர் ஒரு கருவை வைக்க, அதனைச் சுற்றிச் சிப்பி முத்துப்படலத்தைச் சுரக்கின்றது. யப்பானியரான மிக்கிமோட்டோ 1893இல் இம்முறையால் அரைக்கோள முத்தைப் பெற்றார். உருண்டை முத்துக்கள் 1920ஆம் ஆண்டுகளிற் பெருமளவிற் சந்தைக்கு வந்தன. சீனத்தின் நன்னீர் முத்துக்கள் இன்று மலிந்து கிடக்கின்றன. வளர்ப்பு முத்துப் போலியன்று. அதுவும் சிப்பி ஈன்றதே. கண்ணாடி மணியின்மேற் பூச்சுப் பூசியதே போலி.

இவற்றை வேறுபடுத்துவது எங்ஙனம்? இரண்டு முத்துக்களை மெல்ல ஒன்றோடொன்று உரைத்தால் மெய்முத்துச் சிறிது நறநறக்கும், போலி வழுக்கும். துளையின் வாயை உருப்பெருக்கிக் கண்ணாடியாற் பார்த்தால், போலியிற் பூச்சு உரிந்திருப்பது பெரும்பாலும் தெரியும். ஆயின், இயற்கை முத்தையும் வளர்ப்பு முத்தையும் இச்சோதனைகள் பிரித்துக் காட்டமாட்டா. அதற்கு எக்ஸ்கதிர்ச் சோதனை வேண்டும். பழைய பெட்டகத்தில் ஆச்சியின் மாலை கிடக்குமாயின், நிறம் மங்கியதென்று அதனை அற்ப விலைக்குக் கொடுத்துவிடுதல் கூடாது. அது இயற்கை முத்தாகவும் இருக்கலாம். முதலிற் சோதனை, பின்னரே விற்பனை.

மாலை தெரிவு செய்வோர் கடையின் மின்னொளியை நம்பாது, பகல் வெளிச்சத்தில் வெண்துணியின்மேல் வைத்துப் பார்த்தல் வேண்டும். முதலிற் கவனிக்க வேண்டியது ஒளி. நல்ல முத்திலே எதிரிலுள்ள யன்னலின் சாயல் தெளிவாகத் தோன்றும். சுண்ணாம்புபோல் வெளிறியது நல்லதன்று. அடுத்து உருட்சி, மாலையைத் தட்டையான பலகையில் உருட்டினால் கோணல் முத்துத் தள்ளாடும். அதன்பின் மேனியின் வடு, நிறப் பொருத்தம், ஈற்றிலே பருமன். பலர் பருமனை முதலிற் பார்த்து ஒளியைக் கைவிடுகின்றனர். ஒளியில்லாப் பெருமுத்திலும் ஒளியுள்ள சிறுமுத்தே மணமகளுக்கு அழகு. பற்றுச்சீட்டிலே "வளர்ப்பு முத்து" என்று எழுதுவித்து வாங்குதலும் அவசியம்.

இனி, பணத்தின் சங்கதி. பொன் ஆபத்துக்கு உதவும். ஈடு வைக்கலாம், உருக்கலாம். வளர்ப்பு முத்துமாலையை ஈடு பிடிப்போர் அரியர். விற்கப்போனாற் கொடுத்த விலையும் பெரும்பாலும் மீளாது. ஆதலின் முத்தைச் சேமிப்பென்று எண்ணிக் கடன்பட்டு வாங்குதல் தவறு. சீதனப் பட்டியலை நிரப்புவதற்காக ஒரு தகப்பன் வட்டிக்குப் பணமெடுத்து முத்து வாங்கினால், மாலை மகள் கழுத்திற் கிடக்கும். கடன் தகப்பன் கழுத்திற் கிடக்கும். கையிலுள்ள பணத்துக்கு ஒரு சோடி முத்துத்தோடு போதுமானால், அதுவே மங்கலம். கணையாழியிலும் பார்க்க முத்துத் தோட்டிலும் பதக்கத்திலும் நெடுங்காலம் நிலைக்கும். கைவிரலில் இடிபடும் வாய்ப்பு மிகுதி.

பேணும் முறைக்கு வருவோம். முத்தின் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்து. புளிப்பு அதற்குப் பகை. பொன்னகையைப் புளியாலும் தேசிக்காயாலும் துலக்கும் வழக்கத்தை முத்துப் பதித்த நகைக்குக் கையாண்டால், அதன் மேனி அரிபட்டு ஒளி என்றைக்கும் மீளாது போய்விடும். பாலறுகு வைத்துத் தோயவார்க்கும் வேளையில் முத்தணிதல் ஆகாது. கூறை உடுத்து, சந்தனமும் வாசனைத்திரவியமும் பூசி, பூச்சூடி முடிந்த பின்னரே முத்தை அணிதல் வேண்டும். கடைசியில் அணிவதும் முதலிற் கழற்றுவதும் முத்தே.

கழற்றியதும் வியர்வையும் எண்ணெயும் போக மென்மையான பருத்தித்துணியால் துடைத்து, தனித் துணிப்பையில் வைத்தல் நன்று. பொன்னும் கல்லும் உரசினால் மெல்லிய முத்துக் கீறுபடும். வெயிலிலும் அடுப்பருகிலும் வைத்தால் வறண்டு வெடிக்கக்கூடும். மாலையைப் பட்டுநூலிற் கோத்து, முத்துக்கு முத்து முடிச்சிடச் செய்தல் வேண்டும். நூல் அறுந்தாலும் ஒரு முத்தே உதிரும். மணப்பந்தரிலே மாலை முழுதும் சிதறாது. நூல் தளர்ந்ததும் மீண்டும் கோப்பித்தல் வேண்டும்.

பெட்டிக்குள்ளே ஆண்டுக்கணக்காகப் பூட்டப்பட்ட முத்தைவிட, அளவோடு அணிந்து துடைத்து வைக்கப்படும் முத்தே மகளுக்கும் பேர்த்திக்கும் ஒளி குன்றாது சென்று சேரும். வாங்கும்போது அறிவும், செலவிலே அளவும், அணிந்தபின் கவனமும் இருக்குமாயின், முத்து அணிந்தவளுக்கும் அழகு, அளித்தவருக்கும் நிம்மதி.