மூன்று அட்மிரல்கள் புகுந்த விரிகுடா

கிரேக்க நாட்டின் தென்பகுதியான பெலப்பொனீஸ், விரித்த கைவிரல்களைப் போல மத்தியதரைக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அந்த விரல்களில் மேற்குக் கோடியில் இருப்பதன் வெளிக்கரையில் பிலோஸ் என்றொரு சின்ன ஊர் உண்டு. அந்த ஊருக்கு முன்னால் கிடக்கும் நீர்ப்பரப்புக்குப் பழைய பெயர் நவரினோ. இன்று உங்களை அங்கேதான் அழைத்துப் போகிறேன்.

கலமாட்டா நகரிலிருந்து பிலோஸ் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். வழி நெடுக ஆலிவ் தோப்புகள். மலைச்சரிவெல்லாம் சாம்பல் கலந்த பச்சை. கடைசி வளைவில் பேருந்து திரும்பியதும் கீழே விரிகுடா முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. ஐந்து கிலோமீட்டர் நீளம் இருக்கும். மேற்கே ஸ்பாக்டீரியா என்ற ஒடுங்கிய நீளமான பாறைத் தீவு, திறந்த கடலை மறித்துக்கொண்டு நிற்கிறது. தீவின் வடமுனையில் உள்ள இடைவெளி ஆழமற்றது. சிறு படகுதான் போகும். கப்பல் உள்ளே வரவும் வெளியே போகவும் தெற்கே இருக்கும் வாய் ஒன்றுதான். இந்த ஒற்றை வாசலை மறந்துவிடாதீர்கள். பிற்பாடு நடந்ததெல்லாம் இதனால்தான் நடந்தது.

ஊரின் நடுவே கடலைப் பார்த்தபடி ஒரு சதுக்கம். பெரிய பிளேன் மரங்களின் நிழலில் காப்பிக் கடைகள், பழைய பீரங்கிகள், நடுவில் ஒரு கல்தூண். தூணில் மூன்று முகங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன: பிரிட்டனின் கோட்ரிங்டன், பிரான்சின் டி ரிக்னி, ரஷ்யாவின் ஹெய்டன். சதுக்கத்தின் பெயரே மூன்று அட்மிரல்கள் சதுக்கம். ஒரு கிரேக்க ஊரின் நடு இடத்தில் ஒரு கிரேக்க முகம்கூட இல்லை. நான் முதலில் கேட்ட கேள்வி அதுதான்: இவர்கள் யார், ஏன் வந்தார்கள்?

அதற்கு விடை தேடி ஊரின் தென்புறம் ஏறினால் நியோகாஸ்ட்ரோ கோட்டை வரும். 1573-இல் உதுமானியத் துருக்கியர் கட்டியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் லெபாண்டோ கடற்போரில் அவர்கள் பெருந்தோல்வி கண்டிருந்தார்கள். இந்த வாசலைக் காவல் இல்லாமல் விட மனமில்லை. உள்ளே மசூதியாக இருந்து இப்போது தேவாலயமாக நிற்கும் ஒரு கட்டடம் இருக்கிறது. மதில் மேல் நின்றால் தெற்கு வாய் நேர் கீழே தெரியும்.

1821 மார்ச்சில் உதுமானிய ஆட்சிக்கு எதிராகப் பெலப்பொனீஸ் கிளர்ந்தெழுந்தது. கலமாட்டா முதலில் கிளர்ச்சியாளர் கைக்கு வந்தது. இஸ்தான்புல்லில் சுல்தான் இரண்டாம் மஹ்மூத், கிரேக்கத் திருச்சபையின் தலைவரான ஐந்தாம் கிரிகோரியை ஈஸ்டர் நாளன்று தூக்கிலிட்டார். மறு ஆண்டு கியோஸ் தீவில் ஆயிரமாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள்; மிஞ்சியவர்கள் அடிமைச் சந்தைக்குப் போனார்கள். ஐரோப்பா கொதித்தது. பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா அந்தத் துயரத்தை வரைந்து பாரிஸில் மக்கள் முன் வைத்தார். ஆனால் நான் நிற்கும் இந்தக் கோட்டையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1821 ஆகஸ்டில் இங்கே முற்றுகையில் பசியால் வாடிய துருக்கியக் குடும்பங்கள், உயிரோடு போக விடுவோம் என்ற வாக்கை நம்பிச் சரணடைந்தன. கதவு திறந்ததும் ஆண், பெண், குழந்தை என்று பாராமல் வெட்டிக் கொன்றார்கள். அதைச் சொல்லாமல் போனால் இந்த மதில்களைப் பற்றிப் பாதிதான் சொன்னவனாவேன். விடுதலைக்காக எழுந்தவர்கள் செய்ததுதான் இதுவும்.

முதல் சில ஆண்டுகள் கிளர்ச்சியாளர் கை ஓங்கியிருந்தது. பிறகு தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். லண்டன் வட்டிக்கடைக்காரர்களிடம் 1824-லும் 1825-லும் வாங்கிய கடன் ஏட்டில் 28 லட்சம் பவுண்டு. தள்ளுபடியும் தரகும் போக உண்மையில் கிடைத்தது எவ்வளவோ குறைவு. அந்தப் பணத்துக்கும் பதவிக்கும் உள்நாட்டுச் சண்டை மூண்டது. பெலப்பொனீஸின் தலைசிறந்த படைத்தலைவர் கொலொகோட்ரோனிஸை அவருடைய சொந்த அரசே சிறையில் வைத்திருந்த நேரத்தில், 1825 பிப்ரவரியில், இங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்திலுள்ள மெத்தோனி துறையில் எகிப்தியப் படை இறங்கியது.

ஏன் எகிப்தியப் படை? பேரரசு தளர்ந்துபோனது அங்கேதான் தெரிகிறது. தன் குடிகளின் கிளர்ச்சியை அடக்கச் சுல்தானிடம் போதுமான படையில்லை. ஜானிசாரி என்ற பழைய படைப்பிரிவு போருக்கு உதவாமல் அரண்மனைக்கே அச்சமாகியிருந்தது; 1826 ஜூனில் அதைச் சுல்தானே பீரங்கி வைத்து அழித்தார். ஆகவே எகிப்தின் ஆளுநர் முகமது அலியிடம் கை நீட்டினார். பெயருக்குத்தான் முகமது அலி அவருக்கு அடங்கியவர். பிரெஞ்சு அதிகாரிகளைக் கொண்டு புதுமுறையில் படை பழக்கியிருந்தார். கிரீட் தீவும் பெலப்பொனீஸும் பரிசு என்று பேச்சு. மகன் இப்ராகிம் பாஷா கப்பலேறினார். நவரினோ கோட்டை விழுந்தது. 1826 ஏப்ரலில் கிளர்ச்சியாளர் வசமிருந்த மிசொலொங்கி நகரும் விழுந்தது. இப்ராகிமின் ஆட்கள் இந்தப் பகுதியில் அத்தி மரத்தையும் ஆலிவ் மரத்தையும் வெட்டி எரித்தார்கள், ஊர் மக்களைக் கைதிகளாக எகிப்துக்கு அனுப்பினார்கள். இன்று பேருந்தில் போகும்போது பச்சையாகத் தெரிகிற சரிவுகளில் அன்று புகைதான் எழுந்தது.

இப்போது வல்லரசுகளுக்கு வருவோம். கிரேக்கர் மேல் இரக்கம் கொண்ட மக்கள் எல்லா நாட்டிலும் இருந்தார்கள். கவிஞர் பைரன் 1824-இல் மிசொலொங்கியிலேயே காய்ச்சலில் இறந்தார். ஆனால் அமைச்சரவைகளை அசைத்தது அச்சம். ரஷ்யா தனியாகத் துருக்கியோடு போருக்குப் போனால் மத்தியதரைக் கடல் வரை வந்துவிடுமே என்பது பிரிட்டனின் கவலை. தனியாகப் போக விடாமல் தடுக்க என்ன வழி? கூடவே போவதுதான். 1826 ஏப்ரலில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிரிட்டனின் வெலிங்டன் பிரபு ரஷ்யாவோடு ஒரு உடன்பாட்டில் கையெழுத்திட்டார். இரண்டு பேர் பேசிமுடிக்கும் விஷயத்தில் தான் வெளியே நிற்பதா என்று பிரான்சும் சேர்ந்துகொண்டது. ஆஸ்திரியாவின் மெட்டர்னிக் மட்டும் கடைசி வரை எதிர்த்தார். ஒரு சுல்தானுக்கு எதிரான கிளர்ச்சி வென்றால் நாளை தன் பேரரசின் மக்களும் எழுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கணக்கில் அவர் தவறவில்லை.

1827 ஜூலை 6 அன்று லண்டனில் மூன்று அரசுகளும் ஒப்பந்தம் செய்தன. கிரேக்கத்துக்குத் தன்னாட்சி, சுல்தானின் மேலாண்மை தொடரும், இரு தரப்பும் சண்டையை நிறுத்த வேண்டும். கிரேக்கர் உடனே சம்மதித்தார்கள், சுல்தான் மறுத்தார். அட்மிரல்களுக்குப் போன ஆணை இதுதான்: கிரேக்கத்திலுள்ள துருக்கியப் படைக்கு ஆளும் ஆயுதமும் கடல் வழியே வருவதைத் தடுக்க வேண்டும், ஆனால் நீங்கள் போரில் இறங்கக் கூடாது. கோட்ரிங்டன் நேர்மையான மாலுமி. டிரஃபால்கரில் ஒரு கப்பலை நடத்தியவர். வழிவிட மறுக்கும் கப்பலைச் சுடாமல் எப்படித் தடுப்பது என்று இஸ்தான்புல்லில் இருந்த பிரிட்டிஷ் தூதரிடமே கேட்டார். வேறு வழியில்லை என்றால் பீரங்கிதான் என்று பதில் வந்தது. மூன்று தலைநகரங்கள் தீர்க்கத் துணியாததை ஒரு விரிகுடாவில் நின்ற மூன்று பேர் தலையில் கட்டிவிட்டார்கள்.

1827 அக்டோபர் 20, பிற்பகல். டிரஃபால்கர் போரின் 22-ஆம் ஆண்டு நிறைவுக்கு இன்னும் ஒரு நாள். அன்று எதிரெதிரே சுட்டுக்கொண்ட பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் இன்று ஒரே வரிசையில், பின்னால் ரஷ்யருடன், தெற்கு வாசல் வழியாக மெதுவாக உள்ளே வந்தார்கள். உள்ளே உதுமானிய, எகிப்தியக் கப்பல்கள் எழுபதுக்கும் மேல், குதிரைலாட வடிவில் நங்கூரமிட்டு நின்றன. வந்தவை முப்பதுக்கும் குறைவு. ஆனால் அவற்றில் பத்து பெரும் போர்க்கப்பல்கள், எதிர்த்தரப்பில் அந்த ரகம் மூன்றே மூன்று. இப்ராகிம் அன்று அங்கே இல்லை. எல்லாரும் துப்பாக்கி எட்டும் தூரத்தில் நங்கூரம் போட்டார்கள். சண்டைக்கு அல்ல, மிரட்டத்தான் என்பது எண்ணம். ஒரு தீக்கப்பலை நகர்த்தச் சொல்லி பிரிட்டிஷ் படகு ஒன்று போனது. அந்தக் கப்பலிலிருந்து துப்பாக்கி வெடித்தது. பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை.

கோட்ரிங்டன் நின்ற கொடிக்கப்பலின் பெயர் ஏசியா. அது நம் நாட்டுக் கப்பல், நேயர்களே. பம்பாய்க் கப்பல் தளத்தில், வாடியா என்ற பார்சி குடும்பத்துத் தச்சர்கள் தேக்கில் இழைத்து 1824-இல் நீரில் இறக்கியது. உதுமானியத் தளபதியின் கப்பலுக்கும் எகிப்தியத் தளபதியின் கப்பலுக்கும் பக்கத்திலேயே நின்று அது அடிவாங்கியது. பின்பாய்மரம் முறிந்து விழுந்தது, அட்மிரலின் மகன் படுகாயமடைந்தான். அந்த மரத்தை வெட்டியவர்களோ இழைத்தவர்களோ நவரினோ என்ற பெயரைக் கேட்டிருப்பார்களா?

நான்கு மணி நேரத்தில் முடிந்தது. பாய்க்கப்பல்கள் மட்டுமே மோதிய கடைசிப் பெரும் கடற்போர் அது. கூட்டுப்படையின் ஒரு கப்பலும் மூழ்கவில்லை. இறந்தவர் சுமார் 180 பேர். எதிர்த்தரப்பில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். எஞ்சிய கப்பல்கள் எதிரியிடம் சிக்காதிருக்க இரவு முழுவதும் தாங்களே கொளுத்தினார்கள். சிதைவுகள் இன்றும் விரிகுடாவின் அடித்தரையில் கிடக்கின்றன.

வென்றவருக்குக் கிடைத்தது என்ன? லண்டனில் ஆட்சி மாறியிருந்தது. வெலிங்டனின் அரசு, மன்னர் உரையிலேயே இந்தப் போரை வருந்தத்தக்க நிகழ்ச்சியாகச் சொல்லவைத்தது. 1828-இல் கோட்ரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். இப்ராகிமைக் கிளப்ப பிரெஞ்சுத் தளபதி மேஸோன் ஒரு படையோடு இறங்க வேண்டியிருந்தது. அந்தப் படைதான் கோட்டைக்குக் கீழே இன்றைய பிலோஸ் ஊரை வடிவமைத்தது. சதுக்கமும் அவர்கள் போட்ட கணக்கில் வந்ததே. ரஷ்யா 1828-இல் தன் போரைத் தொடங்கி மறு ஆண்டு வென்றது. 1830 பிப்ரவரி 3 அன்று லண்டனில் கிரேக்கம் சுதந்திர நாடு என்று எழுதினார்கள். எழுதிய மேசையில் கிரேக்கர் இல்லை. எல்லையை அவர்கள் போட்டார்கள். தெசலியும் கிரீட்டும் வெளியே நின்றன. அரசனையும் அவர்களே தேடினார்கள்: பவேரிய இளவரசன் ஓட்டோ, வயது பதினேழு. புதிய நாட்டில் கட்சிகள் இருந்தன. அவற்றின் பெயர்கள் ஆங்கிலக் கட்சி, பிரெஞ்சுக் கட்சி, ரஷ்யக் கட்சி.

இதை வைத்துக் கிரேக்க விடுதலை வெளியார் கொடுத்த பிச்சை என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆறு ஆண்டுகள் பசியிலும் பகையிலும் அந்த மக்கள் கிளர்ச்சியை அணையவிடாமல் வைத்திருக்காவிட்டால், அச்சப்பட்டுப் பேச்சு நடத்த மூன்று வல்லரசுகளுக்கு ஒரு காரணமே இருந்திருக்காது. ஆனால் பிறர் பீரங்கியால் திறந்த கதவுக்குப் பிறர் போட்ட சட்டம்தான் அமைந்தது என்பதையும் மறைக்க முடியாது.

துறையில் வாடகைப் படகுகள் கிடைக்கும்; ஏறிவிடுங்கள். விரிகுடா நடுவே ஹெலொனாகி என்ற குட்டித் தீவில் பிரிட்டிஷ் மாலுமிகளின் நினைவுச்சின்னம். தெற்கு வாயருகே ஒரு பாறைத்தீவில் பிரெஞ்சுக்காரருடையது. ஸ்பாக்டீரியாவில் ரஷ்யருடையது, பக்கத்தில் சிறு மரத் தேவாலயம். ரஷ்யக் கொடிக்கப்பல் அசோவில் அன்று நகிமோவ், கோர்னிலோவ், இஸ்தோமின் என்ற மூன்று இளைஞர்கள் இருந்தார்கள். மூவரும் பிற்காலத்தில் அட்மிரல்கள் ஆகி, 1854-லும் 1855-லும் செவஸ்தபோல் முற்றுகையில் உயிர்விட்டார்கள். எதிரே நின்றவர்கள் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும், அவர்களோடு தோள் சேர்ந்த துருக்கியரும்.

ஸ்பாக்டீரியாவிலேயே இத்தாலியர் ஒருவருக்கும் நினைவுக்கல் இருக்கிறது. பெயர் சந்தரோசா. பீட்மாண்டில் 1821-இல் நடந்த புரட்சியில் போர் அமைச்சராக இருந்து, அது தோற்றதும் நாடு கடந்து அலைந்தவர். எந்த அரசும் அனுப்பாமல் தானாகக் கிரேக்கத்துக்கு வந்தார்; சாதாரணச் சிப்பாயாகவே துப்பாக்கி எடுத்தார்; 1825 மே மாதம் இப்ராகிமின் படை இந்தத் தீவில் ஏறியபோது 41 வயதில் இங்கேயே விழுந்தார். அட்மிரல்கள் வர இன்னும் இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தது. படகுக்காரரிடம் சொல்லி வையுங்கள், அங்கேயும் நிறுத்துவார்.