கைப்பேசிப் படமும் காமிராப் படமும்

கேரள நாட்டில் ஆனைக்கரை என்னும் பெயருடைய ஊர்கள் இரண்டு உண்டு. ஒன்று பாலக்காடு மாவட்டத்தில், பாரதப்புழை பாயும் பகுதியில் இருக்கிறது. மற்றொன்று இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை அடுத்த ஏலமலையின்மேல் அமைந்துள்ளது. நமது இன்றைய பேச்சு இந்த மலையூரின் ஏலத்தோட்டங்களில் பிறந்தது.

புகைப்படம் எடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட நண்பர்கள் நாங்கள் சிலர். எங்களுக்குள் ஓயாத வழக்கொன்று உண்டு. சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசியே சிற்றுயிர்களைப் படம் எடுக்கப் போதும் என்பார் ஒரு சாரார். மாக்ரோ லென்ஸ் பூட்டிய தனிக் காமிரா இன்றி எடுப்பது படமே அன்று என்பார் மறு சாரார். எது அழகிய படம் என்பதிலேயே இவ்வழக்கு நெடுநாள் சுழன்றது. ஏலப்பூ ஒன்றே அதனை வேறு திசைக்குத் திருப்பியது.

ஏலச்செடியின் பூச்சரம் உயரத்தில் பூப்பதன்று. தூரின் அடியிலிருந்து புறப்பட்டுத் தரையை ஒட்டிப் படர்வது. வெண்ணிற இதழில் ஊதாக் கோடுகள் ஓடும் அச்சிறு பூ விடியற்காலையில் மலர்கிறது. அதனைப் படம் பிடிக்க விரும்புவோர் ஈரமண்ணில் வயிறு பதியப் படுக்க வேண்டும். மழைக்காலமாயின் அட்டைகளுக்கும் விருந்தளிக்க வேண்டும்.

அவ்வாறு ஒருநாள் காலை, நண்பர் ஒருவர் ஓரடி தூரத்திலிருந்து கைப்பேசியில் ஒரு பூவை எடுத்தார். பூவின் வாயருகே கருந்துகள் ஒன்று தெரிந்தது. தோட்டத்துக்காரர் அதைக் கண்டதும் முகம் வாடினார். "இது இலைப்பேன்தான். நாளைக்கே மருந்தடிக்க வேண்டும்" என்றார்.

அவர் அச்சம் காரணமற்றதன்று. ஏல இலைப்பேன் ஒன்றரை மில்லிமீட்டர் நீளத்துக்கும் மேற்படாத பூச்சி. இலையுறைக்குள்ளும் பூக்குழலுக்குள்ளும் ஒளிந்திருந்து சாற்றை உறிஞ்சும். அது தீண்டிய காய் சொறி பிடித்தாற்போல் தடித்துப் போகும். சொறிக்காய்க்குப் புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் ஏலத்தில் நல்ல விலை கிடைப்பதில்லை. ஆனால் மருந்தடிப்பதிலும் ஓர் இழப்பு உண்டு. ஏலப்பூவைக் காயாக்குபவை தேனீக்கள். பூ மலர்ந்திருக்கும் வேளையில் நஞ்சு தெளித்தால் பகையோடு துணையும் மடியும். ஆகவே அக்கருந்துகள் யாது என அறிவது அழகைப் பற்றிய கேள்வி அன்று. பிழைப்பைப் பற்றிய கேள்வி.

இங்கே சிறு கணக்கொன்று உதவும். கைப்பேசிப் படத்தின் அகலம் 4000 புள்ளிகள் என்று கொள்வோம். அதன் முதன்மை லென்ஸ் ஓரடி தூரத்தில் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் அகலக் காட்சியைத் தன்னுள் அடக்கும். அப்படியாயின் 1 மில்லிமீட்டர் பூச்சிக்குக் கிடைப்பவை பத்தே புள்ளிகள். பத்துப் புள்ளிகளில் கால் எது, இறகு எது என்று எவ்வாறு காண்பது? மாக்ரோ லென்ஸோ பொருளின் உண்மை அளவிலேயே பிம்பத்தை விழச்செய்ய வல்லது. 36 மில்லிமீட்டர் அகலமும் 6000 புள்ளிகளும் உள்ள உணர்தகட்டில் அதே பூச்சி 160 புள்ளிகளுக்கு மேல் பெறுகிறது.

கைப்பேசியை நெருக்கிப் பிடிக்கலாமே என்று கேட்கலாம். 2 சென்டிமீட்டர் வரை நெருங்கக்கூடிய கைப்பேசிகள் இன்று உள்ளன. புள்ளிகளும் பன்மடங்கு பெருகும். ஆனால் அத்துணை நெருக்கத்தில் கருவியின் நிழலே பூவை மூடும், பூச்சியும் பறந்துவிடும். 100 மில்லிமீட்டர் மாக்ரோ லென்ஸோ ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் விலகி நின்றே இப்பணியைச் செய்கிறது. மேலும், கைப்பேசி பல படங்களை ஒன்றாக்கி மெருகேற்றித் தருகிறது. அம்மெருகில் நுண்ணிய மயிரிழைகள் மறைவதுண்டு. இலைப்பேனின் அடையாளமோ அதன் இறகோரத்து மயிரிழைகளே!

காமிராவுக்கும் குறையுண்டு. உண்மை அளவில் எடுக்கும்போது, துளையை எட்டாம் எண்ணுக்குச் சுருக்கினாலும், தெளிவு விழும் ஆழம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே. காற்றில் சரம் அசைந்தால் படம் கெடும். எங்கள் நண்பர் அரைமணி நேரம் மண்ணில் கிடந்து, பல படங்கள் பாழான பின் ஒன்றைப் பெற்றார். அதில் இருந்தது கெட்டியான முதுகோடு உடைய சிறு வண்டு. இலைப்பேன் அன்று. மருந்துக் குழாய் கொட்டகையிலேயே இருந்தது.

காமிரா வென்றது என்று முடிவு கட்டினோம். அம்முடிவு சில வாரங்களே நிலைத்தது. ஒருநாள் மாலை, வேலை முடிந்து திரும்பிய தொழிலாளி அம்மையார் ஒருவர் தம் எளிய கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். இலையின் அடியில் மஞ்சள் நிற அந்துப்பூச்சி, இறகெங்கும் கரும்புள்ளிகள். ஏலத்தின் தண்டையும் காயையும் துளைக்கும் புழுவின் தாய் அது. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இறகு விரியும் அதனை அடையாளம் காணக் கைப்பேசியே போதுமாயிருந்தது. புழு தண்டுக்குள் புகுந்தபின் மருந்து அதனை எட்டாது. ஆதலின் அந்து தோன்றும் நாளை அறிவதே பெரிது. அந்நாளும் நாழிகையும் படத்தோடு பதிந்திருந்தன. எங்கள் காமிராக்களோ அப்போது பெட்டிக்குள் உறங்கிக் கொண்டிருந்தன.

கருவிகளின் வரலாறும் இதனையே கூறுகிறது. 1956ஆம் ஆண்டில் ஜப்பானின் நிக்கான் நிறுவனம் 'மைக்ரோ நிக்கார்' என்னும் லென்ஸை வெளியிட்டது. பூச்சிகளைப் படமெடுக்கப் பிறந்ததன்று அது. நெருக்கமான கோடுகள் கொண்ட ஜப்பானிய எழுத்துகளை நுண்படச் சுருளில் தெளிவாகப் பதிக்க வேண்டும் என்ற தேவையே அதனை ஈன்றது. தேவை முந்தியது, கருவி பிந்தியது.

ஆகவே எங்கள் வழக்கை இவ்வாறு தீர்த்துக்கொண்டோம். கைப்பேசி, நிகழ்ச்சி நடந்த இடத்தில் இருந்த சாட்சி. காமிரா, குறுக்கு விசாரணைக்கு நிற்கவல்ல சாட்சி. எவரும் எங்கும் கண்டதை உடனே பதிவு செய்ய முன்னதும், ஐயம் எழுந்தால் அதனைத் தீர்க்கப் பின்னதும் வேண்டும். படத்தைப் பார்த்ததும் 'அழகா?' என்று கேட்குமுன் 'இதனிடம் நாம் அறிய வேண்டியது என்ன?' என்று கேட்போம். பத்துப் புள்ளிகளைக் கொண்டு தீர்ப்புக் கூறாதிருப்போம். தோட்டத்தின் தேனீக்களுக்கு நாம் செய்யக்கூடிய நன்மை அதுவே.