சிறு விமானமும் சென்னை மாகாணமும்



சிவாஜிநகர்ப் பிள்ளைகள் பொம்மை விமானம் ஒட்டுவதை வீண்வேலை என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை.

பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தை ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1953-ஆம் ஆண்டில் பிளாஸ்டிக் துண்டுகளாக வெளியிட்டது. அளவு 72-இல் ஒரு பங்கு; ஓரங்குலம் ஆறடியைக் குறிக்கும். 36 அடி 10 அங்குல இறக்கை வீச்சு, ஆறங்குலத்திற்குச் சற்றே மிகுதியாகச் சுருங்குகிறது. விமானி அமரும் இடத்திற்கு வண்ணம் தீட்டிய பின்னரே உடலின் இரு பாதிகளையும் ஒட்டவேண்டும். அவசரப்பட்டு முன்னரே ஒட்டி, தூரிகை நுழையாமல் நாமும் ஒன்றைக் கெடுத்திருக்கிறோம். மேற்புறம் பழுப்பும் பச்சையும், அடிப்புறம் வெளிர்நிறம்.

1940-இல் பிரிட்டன் வானில் ஸ்பிட்ஃபயர்களுடன் போரிட்ட 234-ஆம் விமானப் படைப்பிரிவு, 'சென்னை மாகாணம்' என்ற பெயரையும் தாங்கியது. நம் முன்னோர் வாழ்ந்த மாகாணம் வழங்கிய போர்நிதிக்கு அடையாளம் அப்பெயர். அடிமை நாட்டின் பணம் ஆண்டவரைக் காக்கப் பறந்தது! இதில் பெருமையும் உண்டு, வேதனையும் உண்டு. வண்ணம் தீட்டும் பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லுங்கள். அதே 1940-இல் நம் பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தோன்றியதையும் சொல்லுங்கள். பொம்மை செய்து பழகிய கைகள் நாளை மெய்யான விமானம் செய்யட்டும்.