நுனிக்கொழுந்தும் நாற்பது ஆண்டும்

(பொதுக்காலம் 11ஆம் ஞாயிறு – வானொலி மறையுரை)



இன்றைய முதல் வாசகத்தில் இறைவாக்கினர் எசேக்கியேல் நம்மை லெபனோன் மலையின் கேதுரு மரத்தடிக்கு அழைத்துச் செல்கிறார். அதன் உச்சியிலிருந்து ஓர் இளங்கொழுந்தைத் தாமே கொய்து, இஸ்ரயேலின் உயர்ந்த மலையில் தாமே நடப்போவதாக ஆண்டவர் வாக்களிக்கிறார்.

இந்த வாக்கைக் கேட்டவர்கள் நாடு இழந்தவர்கள். கி.மு. 597இல் பாபிலோனியர் எருசலேமின் இளம் அரசன் யோயாக்கினைச் சிறைபிடித்துப் போனார்கள். இதே அதிகாரத்தின் தொடக்கத்தில், பெரிய கழுகு ஒன்று கேதுருவின் நுனியைக் கொய்து வணிகர்களின் நகருக்குக் கொண்டுபோனதாக எசேக்கியேல் இதைத்தான் உவமையாகச் சொல்கிறார். கழுகும் கொய்தது, கடவுளும் கொய்கிறார். எங்கே, எதற்காக நடப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு.

வணிகனுக்கும் அரசனுக்கும் கேதுரு என்றால் பலகை. பூச்சி எளிதில் அரிக்காத, மணம் மாறாத பலகை. எகிப்தின் பெரிய பிரமிடுக்கு அருகில் 1954இல் கண்டெடுக்கப்பட்ட கூபு மன்னனின் படகு, லெபனோன் கேதுருவால் செய்யப்பட்டது. அதற்கு வயது ஏறத்தாழ 4,500. சாலமோன் கேதுரு வெட்ட 30,000 பேரைக் கட்டாய வேலைக்குப் பிடித்து, மாதத்துக்கு 10,000 பேராக லெபனோனுக்கு அனுப்பினார் என்கிறது அரசர்கள் முதல் நூல். ஆண்டவரின் இல்லத்தைக் கட்டியது 7 ஆண்டு. தமது அரண்மனையைக் கட்டியது 13 ஆண்டு. அவர் கண்ணை மூடியதும் மக்கள் கேட்ட முதல் காரியம், தங்கள் நுகத்தை இலேசாக்க வேண்டும் என்பதுதான். அது மறுக்கப்பட்டது, நாடு இரண்டாகப் பிளந்தது.

வெட்டும் அவசரம் அத்தோடு ஓயவில்லை. உரோமைப் பேரரசர் ஏதிரியான் காலத்தில், காட்டின் சிறந்த மரங்கள் பேரரசருக்கே உரியவை என்று லெபனோன் மலைப் பாறைகளில் பொறித்து வைக்க வேண்டியதாயிற்று. இன்று பிஷாரி ஊருக்கு மேலே, 'ஆண்டவரின் கேதுருக்கள்' என்று மக்கள் அழைக்கும் தோப்பில் சில நூறு மரங்களே நிற்கின்றன. அங்கே கன்றுகளை ஆடுகள் கடித்துத் தீர்த்ததால், 1876இல் விக்டோரியா அரசியின் பொருளுதவியால் தோப்பைச் சுற்றி மதில் எழுப்பப்பட்டது. முதிர்ந்த மரங்களைக் கோடரி கொண்டுபோயிற்று. எஞ்சியவற்றின் கன்றுகளை ஆடு மேய்ந்தது. அப்படியென்றால் காடு எங்கிருந்து வரும்?

இந்த மரம் வளரும் விதத்தைக் கொஞ்சம் பார்ப்போம். விதை நன்றாக முளைப்பதற்குப் பனிக்காலத்தின் குளிர் வேண்டும். முளைத்த பின் வேர்தான் முதலில் முந்திக்கொண்டு இறங்கும். சில ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரிவது சிறு செடிதான். விதை தாங்கும் கூம்புகள் காய்க்க ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகும். ஐம்பது வயதில் ஒருவர் கேதுரு நட்டால், அதன் முதல் விதையைப் பொறுக்க அவருக்குத் தொண்ணூறு வயதாக வேண்டும். நடுகிறவர் பலகைக்காக நட முடியாது. பின்னால் வருகிறவர்களை நம்பித்தான் நட முடியும்.

நற்செய்தியில் இயேசு சொல்வதும் இதுவே. விதைத்தவர் இரவில் தூங்குகிறார், பகலில் எழுகிறார்; விதை எப்படி வளர்கிறதென்று அவருக்குத் தெரியாது. தெரியவில்லையே என்று அவர் நிலத்தைத் தோண்டிப் பார்ப்பதுமில்லை.

அன்பார்ந்தவர்களே, நாம் தோண்டிப் பார்க்கிறோம். தேர்வு முடிவுகள் வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. எத்தனை வீடுகளில் இன்னும் அந்த மார்க் பேச்சு ஓயவில்லை! பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண்ணைச் சொல்லி நம் பிள்ளையை அளக்கிறோம். பதினாறு வயதுச் செடியைப் பார்த்து, இதில் எத்தனை பலகை தேறும் என்று கணக்குப் போடுகிறோம். அந்தப் பிள்ளை வேர்விடும் காலத்தில் நிற்கிறது. பொய் சொல்லக் கூசுவதும், தம்பிக்கு விட்டுக்கொடுப்பதும், படுத்திருக்கும் பாட்டிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதும் எந்த மதிப்பெண் பட்டியலிலும் ஏறாத வேர்கள். ஒரு தேர்வு முடிவுக்காக உயிரையே விட்டுவிடும் பிள்ளைகளைப் பற்றி ஆண்டுதோறும் செய்தித்தாளில் படிக்கிறோம். படித்துவிட்டு, அடுத்த வீட்டுக் கதையாக மடித்து வைத்துவிடக் கூடாது.

கண்டிக்க வேண்டாம், படிக்கச் சொல்ல வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஆட்டிடமிருந்து கன்றைக் காக்க மதில் வேண்டும். நாள் முழுக்கக் கைப்பேசியில் மூழ்கும் பிள்ளையைத் தடுப்பதும், கெட்ட சேர்க்கையிலிருந்து மீட்பதும் அந்த மதில்தான். ஆனால் மதில் கட்டியவர், செடியைப் பிடித்து மேலே இழுப்பதில்லை.

கடவுள் கொய்தது மரத்தின் பருத்த அடியை அல்ல, நுனிக்கொழுந்தை. எளிதில் முறியக்கூடியதை எடுத்துத் தம் கையால் நட்டு, எல்லாப் பறவைகளும் அதன் கிளைகளில் தங்கும் என்கிறார். நம் வீட்டில் மெலிந்து நிற்கும் பிள்ளை, தோற்றுப்போனதாக நாம் நினைக்கும் பிள்ளை, அந்தக் கையில்தான் இருக்கிறது.

ஆகவே இந்த வாரம் ஒன்று செய்வோம். ஒருநாள் இரவாவது பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம். அன்று மார்க்கைப் பற்றிக் கேட்காமல், பிள்ளை சொல்வதைக் கேட்போம். பிறகு அதன் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து, செபித்து, தூங்க அனுப்புவோம். நாமும் தூங்குவோம். வளரச் செய்கிறவர் விழித்திருக்கிறார்.

ஆமென்.