இரும்பில் கிடைத்த 3.6 வோல்ட்

புக்கிட் மெர்தாஜாம் பெற்றோர்களே, மாணவர்களே! படிவம் நான்கில் வேதியியலா, வேண்டாம், கஷ்டம் என்று ஒதுக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய.

2019 டிசம்பர். ஸ்டாக்ஹோம். வேதியியல் நோபல் பரிசு பெற்ற ஜான் குடினஃப்புக்கு வயது 97. அவர் சார்பில் நோபல் உரையை வழங்கியவர் ஆறுமுகம் மந்திரம்; தமிழ்நாட்டின் அமரபுரம் கிராமத்தில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்தவர்.

1985இல் ஆக்ஸ்போர்டில் குடினஃப்போடு சேர்ந்தார். அடுத்த ஆண்டே டெக்சஸ். அன்றைய லித்தியம் மின்கலத்துக்குக் கோபால்ட் வேண்டும். விலையோ அதிகம். இரும்பு மலிவு, ஆனால் இரும்பு ஆக்சைடில் மின்னழுத்தம் 3 வோல்ட்டைத் தொடவில்லை. ஆக்சைடுக்குப் பதில் சல்பேட்டை வைத்துப் பார்த்தார்கள். 3.6 வோல்ட்! கந்தகம் ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்க, இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிணைப்பு தளர்கிறது; மின்னழுத்தம் உயர்கிறது. பள்ளிப் பாடத்திலுள்ள அதே பிணைப்புதான், வேறொன்றுமில்லை.

இந்த வழியில் 1990களில் வந்தது லித்தியம் இரும்பு பாஸ்பேட். நம்முடைய புரோட்டோன் இ.மாஸ் 7 காரில் இருப்பதும் அதுவே.

பக்கத்துக் கூலிமில் 2023இல் ஈவ் எனர்ஜி மின்கலத் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டியது. இத்தகைய இடங்களில் ஆபரேட்டர் வேலை மட்டுமல்ல, வேதியியல் தெரிந்தவருக்கும் நாற்காலி உண்டு.