பற்றுவதா, பற்றப்படுவதா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருமலைப் படிகள் தொடங்கும் அலிபிரியில் நின்றுகொண்டு, கிறிஸ்து சமயம் கூறும் அருளையும் மீட்பையும் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் ஐயுறக்கூடும். பொருந்தும் என்பதே என் துணிபு. இம்மலையடிவாரத்திலேதான் திருமலை நம்பிகள் இராமாநுசருக்கு ஓராண்டுக் காலம் இராமாயணப் பொருள் உரைத்தார் என்பது வைணவ மரபு. அம்மரபில் பிறந்து, கம்பனின் கவிச்சுவையிலே வளர்ந்தவர்தாம், பிற்காலத்தில் கிறிஸ்தவக் கம்பர் எனப் போற்றப்பட்ட எச். ஏ. கிருஷ்ண பிள்ளை.

நெல்லைச் சீமையில் கரையிருப்பு என்னும் சிற்றூரில் 1827-ல் பிறந்த இவர், 1853-ல் சாயர்புரத்துக் கிறிஸ்தவக் கல்விச்சாலையில் தமிழாசிரியரானார். 1858-ல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். சமயம் மாறினார், ஆனால் வைணவம் அவருள் எழுப்பியிருந்த வினா மாறவில்லை என்பது என் எண்ணம்.

அவ்வினாவை நம்மவர் அனைவரும் அறிவர். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. பூனைக் குட்டியோ வாளா கிடக்கிறது. தாயே கவ்விச் செல்கிறது. உயிர் இறைவனைப் பற்ற வேண்டுமா, இறைவனே உயிரைப் பற்றுகிறானா? வடகலையார் முன்னதையும் தென்கலையார் பின்னதையும் உவமையாகக் கொண்டனர்.

கிறிஸ்தவ உலகிலும் இவ்வழக்கு மிகப் பழையது. ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீனும் பெலாகியுவும் இதன்பொருட்டே மாறுபட்டனர். 1517-ல் மார்ட்டின் லூதர் தொடங்கிய கிளர்ச்சியின் உள்ளீடும் இதுவே: மனிதன் மீட்படைவது தன் நற்செயலாலா, இறைவனின் கிருபையாலா? கத்தோலிக்கரும் லூதரன் சபையாரும் இது குறித்து ஒரு கூட்டு அறிக்கையில் கையொப்பமிட 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் கலைச் சண்டைகளை எண்ணி நாணுவோர்க்கு இஃதோர் ஆறுதல்!

எனினும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. நம் கொள்கையில் இப்பிறவியில் தவறினால் மறுபிறவி உண்டு. கிறிஸ்தவக் கொள்கையிலோ வாழ்வு ஒன்று, சாவு ஒன்று. பின்னர் உயிர்த்தெழுதல், இறுதித் தீர்ப்பு, புதிய வானம், புதிய பூமி. காலம் சக்கரமாகச் சுழலாமல் நேர்கோடாக ஓடி ஓரிடத்தில் முடிகிறது. ஆதலால் அருளைப் பற்றிய வினா அங்கே நாளைக்கு ஒத்திப்போட இயலாத வினாவாகிறது.

1894-ல் நூலாக வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தில் இந்த அவசரத்தைக் காணலாம். ஜான் பனியன் என்னும் ஆங்கிலேயர் 1678-ல் வெளியிட்ட கதையைத் தழுவி, ஐந்து பருவங்களாக, மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களில் அதனைப் பாடினார் பிள்ளை. தன் நகரம் அழியப் போகிறதென்று அறிந்த ஒருவன், முதுகில் பாவச் சுமையோடு புறப்படுகிறான். அச்சுமையை அவனால் இறக்க முடியவில்லை. சிலுவையடியில் அது தானே கழன்று விழுகிறது. இது பூனைக் குட்டியின் நிலையன்றோ? ஆனால் பயணம் அங்கே முடியவில்லை! மேடும் பள்ளமும் பகையும் அதன் பிறகே மிகுதி. சுமை நீங்கியதே தவிர, ஒரு படியேனும் குறையவில்லை. முழங்கால் நோகத் திருமலை ஏறியவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

பனியன் நூலில் இல்லாத இயேசு பெருமானின் பாடுகளைப் பிள்ளை விரித்துப் பாடிச் சேர்த்திருக்கிறார். இதனைக் கதைக்குப் புறம்பெனக் கூறுவோர் உளர். நான் அவ்வாறு கருதேன். சுமையைத் தன்மேல் ஏற்றவர் யாரென்று தெரியாத தமிழ் மகனுக்கு, சுமை கழன்று விழுவது வெறும் மாயவித்தையாகவே தோன்றும்.

யாத்திரையின் முடிவில் பாலமில்லாத மரண ஆறு ஒன்று குறுக்கிடுகிறது. பனியன் கதையில், அரசன்மேல் கொண்ட நம்பிக்கைக்குத் தக்கவாறு அதன் ஆழம் கூடும், குறையும். இவ்வளவு தொலைவு நடந்து வந்தவன் அங்கே நம்பிக்கை தளர்ந்து மூழ்குகிறான். உடன் வந்த துணைவன் அவன் தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்துக் கரை சேர்க்கிறான்.